ஆட்டோகிராஸில் அடிபட்ட வண்டியும் நான் படிக்காமல் விட்ட பாலிசியும்

கொளத்தூர்க்காரன்:

போன வருஷம் மார்ச்சில் என் ஸ்விஃப்ட்டை ஆட்டோகிராஸில் ஓட்டி முன்பக்கத்தை உடைத்துக்கொண்டேன். 1,38,000 ரூபாய் கையைவிட்டுப் போனது. இன்சூரன்ஸில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அடுத்து ஓட்டப் போகிறவர்கள் முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

மண் மைதானம். கோன் வைத்து வளைவு வளைவாகப் பாதை. ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் உள்ளே போகும், கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. அதனால் இதை ரேஸ் என்றே நான் நினைக்கவில்லை. மூன்றாவது ரன்னில், கடைசி வளைவில் வண்டி இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் கொட்டியிருந்த மண்மேட்டில் முன் இடது சக்கரம் ஏறி இறங்கியது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் கோணிக்கொண்டு நிற்கிறது. லோயர் ஆர்ம் வளைந்து, ஆயில் சம்ப் உடைந்து, பம்பருக்குக் கீழே செம்மண்ணில் ஆயில் ஒரு தட்டு அகலத்துக்குக் கறுப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரும் போய்விட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி வியாசர்பாடியில் எனக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் இறக்கினேன். மெக்கானிக் அண்ணன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, மைதானம் கீதானம்னு எதுவும் சொல்லாத. அவுட்டர் ரிங் ரோட்ல லாரி அணைச்சுச்சு, ஒதுக்கும்போது மீடியன்ல ஏறிட்டேன்னு சொல்லு. மீதிய நான் பார்த்துக்கிறேன்." அவர் கெட்டவர் இல்லை. என் செலவைக் குறைக்கத்தான் சொன்னார். அன்று ராத்திரி எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதுவாக இருந்தாலும் முதலில் காகிதத்தைப் படி என்பார். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாலிசியை விரித்து உட்கார்ந்தோம். வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் ஒரு வரி இருந்தது: வாடகை, சரக்கு ஏற்றுதல், ஏற்பாடு செய்த பந்தயம், பேஸ் மேக்கிங் (முன்னால் ஓடி மற்றவர்களுக்கு வேகம் காட்டுவது), வேக சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் ஓட்டம்), மோட்டார் வியாபாரம் தவிர்த்து மற்ற எதற்கும் செல்லும். அப்பா அந்த 'வேக சோதனை'யில் விரலை வைத்துக்கொண்டு, "அங்கே என்னத்த அளந்தாங்க?" என்று கேட்டார். நேரத்தை அளந்தார்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது?

மறுநாள் கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து படம் எடுத்தார், மரியாதையாகப் பேசினார். 12 நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. அதே வரியைத்தான் காரணமாக எழுதியிருந்தார்கள்.

பம்பர் டு பம்பர் போட்டிருக்கிறேனே என்று கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், நானும் அதைப் போட்டிருந்தேன். பார்ட்ஸுக்குத் தேய்மானம் பிடிக்காமல் கொடுப்பதுதான் அதன் வேலை. அடிப்படைப் பாலிசியே செல்லாத இடத்தில் அது மட்டும் எப்படிச் செல்லும்? எஞ்சின் சேதத்துக்கென்று எடுக்கும் கூடுதல் காப்பீடும் அப்படித்தான். கட்டாயமாக எடுக்கச் சொல்லும் 15 லட்ச ரூபாய் ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடும் இதே கட்டத்துக்குள்தான் வருகிறது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. வண்டி போனால் சம்பாதிக்கலாம். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

மணலி சர்வேயர்:

தம்பி உண்மையைச் சொன்னது நல்லது. அண்ணன் சொன்ன 'லாரி அணைச்சுச்சு' கதையை 11 வருஷத்தில் நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு செடான், பாலத்துச் சுவரில் உரசியதாக கிளெய்ம். வண்டி முழுக்கப் புழுதி, ஆனால் டிரைவர் பக்கக் கதவில் மட்டும் பளிச்சென்று ஒரு சதுரம். போட்டி நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி உரித்த இடம். விரலை வைத்தால் இன்னும் பசை ஒட்டுகிறது. வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டால் செம்மண் கட்டி கட்டியாக வருகிறது. அந்தப் பாலத்தில் செம்மண்ணுக்கு எங்கே போவது? ரெக்கவரி ரசீதில் ஏற்றிய இடம் வேறு எழுதியிருந்தது. அந்தப் பையன் தலைகுனிந்து நின்றது எனக்கே கஷ்டமாக இருந்தது. நிஜமாகவே ரோட்டில் அடிபட்ட கிளெய்ம் என்றால் கம்பெனி கொடுக்கத்தான் வேண்டும், மறுத்தால் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பொய் சொல்லி மாட்டியவர் எந்த முகத்தோடு அங்கே போவார்?

இன்னொரு விஷயம், பலருக்கும் தெரியாதது. ஐ.எம்.டி. 31 என்று பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு இணைப்பு இருக்கிறது. ரிலையபிலிட்டி டிரையலுக்கும் ராலிக்கும் உள்ளது. நிகழ்ச்சியின் பெயர், இடம், தேதி, நடத்துபவர் எல்லாம் எழுதி, முன்கூட்டியே கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். டி.எஸ்.டி. ராலி (சொன்ன வேகத்தில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் ராலி) போகிறவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதிலும் பந்தயத்துக்கும் வேக சோதனைக்கும் இடமில்லை, ஆட்டோகிராஸுக்கு அது உதவாது.

அப்புறம், அடுத்தவருக்கு அடிபட்டால் தேர்ட் பார்ட்டி பார்த்துக்கொள்ளும் என்று தைரியமாக இருக்காதீர்கள். ஏற்பாடு செய்த பந்தயத்துக்கும் வேக சோதனைக்கும் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவே இடம் கொடுக்கிறது. கோன் எடுத்து வைக்க நிற்கும் பையன்மேல் வண்டி ஏறினால் யார் கொடுப்பது? ஓட்டுவதற்கு முன்னால் நடத்துபவர்களிடம் இதைக் கேளுங்கள்.

சோழவரம் பக்கம்:

நம்ம வடசென்னைக்கும் ரேஸுக்கும் உள்ள உறவு பழசு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் வருவதற்கு முன்னால், இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. சின்னப் பையனாக மாமாவோடு செங்குன்றம் வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். வெயில், பெட்ரோல் வாசனை, வைக்கோல் கட்டு.

மாமாவின் நண்பர் ஒருவர் தன் பியட்டையே ஓட்டிக்கொண்டு வந்து, ரேஸில் ஓட்டி, அதிலேயே வீட்டுக்குத் திரும்புவார். டிக்கியில் ஒரு மரப்பெட்டி இருக்கும், அதில் ஸ்பேர் பார்ட்ஸ். மூடிக்கு உள்பக்கம் ஒரு கவர் ஒட்டி அதில் பணம் வைத்திருப்பார். உடைந்தால் இதிலிருந்துதான் என்பார். கொளத்தூர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் அந்தக் கவர்தான் ஞாபகம் வந்தது.

ராயபுரம் 13:

எனக்கு ஒரு டிராக் டேயில், அதாவது சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளில், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரியும், ஆஸ்பத்திரிச் செலவும் வராது என்றே நினைத்திருந்தேன். மெடிக்ளெய்ம் பாலிசியை எடுத்துப் பார்த்தால், ஆபத்தான விளையாட்டுகளில் 'தொழில்முறையாக' பங்கெடுத்தால்தான் விலக்கு என்று இருக்கிறது. மோட்டார் ரேஸிங் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தாலும், அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன், பரிசுப் பணம் வாங்கியதில்லை என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டார்கள். உங்கள் பாலிசியில் 9-வது விலக்கை ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை பையன் சொல்கிறான், அங்கே டிராக் டேக்கென்று ஒரே ஒரு நாளுக்குத் தனிப் பாலிசி வாங்கலாமாம். அதுவும் பொதுவாக வண்டிச் சேதத்துக்குத்தான், அடுத்தவருக்கு ஆகும் காயத்துக்கு இல்லை.

கொளத்தூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மணலி அண்ணன் சொன்ன செம்மண் என் வீல் ஆர்ச்சிலும் இருந்தது, சர்வேயர் அதைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஓட்டுவதை நான் விடவில்லை. மாதம் 3,000 ரூபாய் தனிக் கணக்கில் போடுகிறேன், அதுதான் எனக்கு இப்போது இன்சூரன்ஸ். அந்தக் கணக்கில் 40,000 சேரும்வரை ஒரு கோனைக்கூடச் சுற்றுவதில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். போன மாதம் சேர்ந்துவிட்டது. மைதானத்துக்குப் போய்வரும் வழியில் பாலிசி வழக்கம்போல் செல்லும் என்று கம்பெனியிலிருந்து மெயிலிலும் எழுதி வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு ரெட்டேரியிலிருந்து கிளம்புகிறேன். வருகிறவர்கள் ஹெல்மெட்டோடு ஒரு டோ ரோப்பும் கொண்டுவாருங்கள், என்னிடம் இருப்பது ஒன்றுதான்.