கணைக்கால் எலும்பு வலி: தங்கச்சியை மாகாணப் போட்டிக்கு ஓட விடலாமா?

பொகவந்தலாவை அக்கா:
தங்கச்சிக்கு 16 வயசு. 1500, 3000 மீற்றர் ஓடுறா. மாகாணப் போட்டிக்கு அஞ்சு கிழமை இருக்கு. பத்து நாளா வலது கணைக்கால் எலும்புல வலி. எக்ஸ்ரேயில ஒன்னும் இல்லைன்னு சொன்னாங்க. தைலம் பூசி, துணியால கட்டிக்கிட்டு ஓடுறா. விடலாமா?

ஹட்டன் ஓட்டக்காரி:
முதல்ல ஓட்டத்தை நிறுத்துங்க. எலும்போட உள் ஓரத்தை விரலால மெதுவா அழுத்திப் பாருங்க. நாலு விரல் அகலத்துக்கு மேல பரவலா வலிச்சா, பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைச்சா ஆறிரும். ஒரே புள்ளியில சுள்ளுன்னு வலிச்சா, ராத்திரி படுத்தாலும் வலிச்சா, எலும்புல மயிரிழைக் கீறல் இருக்கலாம். முதல் ரெண்டு மூணு கிழமை அது எக்ஸ்ரேக்குத் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.ல தெரியும்.

நான் பட்டவ. தேயிலை பெக்டரியிலிருந்து தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறி, அதே வேகத்துல இறங்குவேன். ஏத்தம் மூச்சைத்தான் வாங்கும், எலும்பை வாங்குறது இறக்கம். வலியை மறைச்சு ஓடி, மூணாவது சுத்துல விழுந்தேன். அந்த வருசம் பூரா போச்சு.

இன்னொன்னு, கூச்சப்படாம கேளுங்க. மாதவிடாய் ஒழுங்கா வருதா?

பொகவந்தலாவை அக்கா:
ஒரே இடத்துலதான் வலி. ராத்திரியும் இருக்காம். மாதவிடாய் நாலு மாசமா இல்லையாம். ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்னு யாரோ சொல்லியிருக்காங்க.

ஹட்டன் ஓட்டக்காரி:
அது பொய், அவகிட்டச் சொல்லுங்க. ஓடுற அளவுக்குச் சாப்பாடு இல்லைன்னா உடம்பு மாதவிடாயை நிறுத்தும், எலும்பும் பலம் குறையும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சிருக்கு. காலையில பிளேன்டீயும் ரெண்டு பிஸ்கட்டும் குடுத்து அனுப்பாதீங்க. ரொட்டியோட முட்டை, பருப்பு, நெத்தலி, பால் வேணும். டாக்டர்கிட்ட காலை மட்டும் காட்டாம இதையும் சொல்லுங்க.

கண்டி பிசியோ மாணவன்:
ஹட்டன் அக்கா சொல்றது சரி. கீறல்னு தெரிஞ்சா ஆறு முதல் எட்டு கிழமை ஓட்டமே கூடாது, சில பேருக்கு இன்னும் கூடும். டாக்டர் விட்ட பிறகு சமதரையில நடை, பிறகு நடையும் ஓட்டமும் மாத்தி மாத்தி. லயத்து வீட்டுப் படியில நின்னு குதிகாலை ஏத்தி இறக்கினா கெண்டைத்தசை பலமாகும். இறக்க ரோடு கடைசியில.

பொகவந்தலாவை அக்கா:
திங்கட்கிழமை கண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். சேர்கிட்டயும் பேசிட்டேன். அவதான் அழுதுக்கிட்டே இருக்கா.

ஹட்டன் ஓட்டக்காரி:
அழட்டும். ஆனா வீட்டுலயே வச்சிராதீங்க. பின்னேரம் மைதானத்துக்கு அனுப்பி, மத்தப் பிள்ளைகளுக்கு ஸ்டொப்வொட்ச் பிடிக்கச் சொல்லுங்க. எனக்கு அப்படி யாரும் செய்யலை.