குறட்டை நடுவுல மூச்சு நிக்குது – உறக்கப் பரிசோதனை எடுக்கணுமா?

திற்பரப்பு:
அண்ணன்மாரே, அப்பாவுக்கு 56 வயசு, ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை. ராத்திரி 9-க்குப் படுத்தா 3-க்கு எழும்பணும். வீடு அதிர குறட்டை. நடுவுல சத்தம் நின்னு, பொறவு திணறி மூச்சு எடுக்காருன்னு அம்மா சொல்லுதா. பகல்ல உக்காந்த இடத்துல உறங்கிருவாரு. பிரஷருக்கு ரெண்டு மாத்திரை உண்டு. வெள்ளன எழும்புறதுனாலதான்னு அவரு சொல்லுதாரு. ஆளும் மெலிஞ்ச உடம்பு. பரிசோதனை தேவையா?

வேளிமலை:
தம்பி, அப்பா சொல்லுறதுலயும் ஞாயம் இருக்கு. ஆறு மணி நேரங்கூட உறங்காத ஆளுக்குப் பகல்ல கண்ணு சொக்கத்தான் செய்யும். மழையில வெட்டு இல்லாத நாலஞ்சு நாளு, தொடர்ந்து 7, 8 மணி நேரம் உறங்க விட்டுப் பாருங்க. அப்பவும் காலையில தலைவலி, வாய் வறட்சி, பேப்பர் வாசிக்கும்போதே உறக்கம்னா நேரக் குறைவு மட்டும் காரணமில்ல.

அம்மாகிட்ட சொல்லி, அவரு மல்லாந்து கிடக்கும்போது நெஞ்சும் வயிறும் தெரியுற மாதிரி போன்ல வீடியோ எடுங்க. சத்தம் நின்ன நேரத்தை எண்ணணும். 10 நொடிக்கு மேல போனா கணக்குல சேரும். அப்ப நெஞ்சு ஏறி இறங்குதான்னும் பாருங்க. அசைவு இருந்தும் காத்து போகலைன்னா தொண்டையில அடைப்பு. அசைவே இல்லைன்னா மூளையில இருந்து மூச்சுக்கான உத்தரவு வராம நிக்கலாம். அதுக்கு வைத்தியம் வேற. அந்த வீடியோவை டாக்டர் கண்டிப்பா பாக்கணும்.

டாக்டர்மார் கேக்குற எட்டு கேள்வி உண்டு: குறட்டை, பகல் அசதி, மூச்சு நிக்குறதை அடுத்தவங்க பாத்தது, பிரஷர், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) 35-க்கு மேல, வயசு 50-க்கு மேல, கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல, ஆண். அஞ்சு வந்தாலே ஆபத்து அதிகம். அப்பாவுக்கு நாடா வச்சு அளக்காமலே ஆறு வந்தாச்சு. பரிசோதனை எடுத்தே ஆகணும். மெலிஞ்ச ஆளுன்னு விட்டுராதீங்க. தாடை உள்வாங்கி இருந்தாலும், உள்நாக்குப் பக்கம் இடம் குறுகலா இருந்தாலும் இந்த மூச்சடைப்பு வரும். தைராய்டும் ஒருதடவை பாத்திருங்க.

ராத்திரி ரெண்டு மூணு தடவை மூத்திரத்துக்கு எழும்புறாரா? எல்லாரும் சுகர்னு நினைப்பாங்க. அடைபட்ட தொண்டையோட நெஞ்சு இழுக்கும்போது இதயம் விரிஞ்சு, நீரை வெளியேத்துற ஹார்மோன் சுரக்கும். அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

முட்டம் கரை:
நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல நெஞ்சக நோய் பிரிவிலோ காது மூக்கு தொண்டை பிரிவிலோ முதல்ல காட்டுங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரியில உறக்கக் கோளாறுக்குத் தனி மையமே இருக்கு; அங்க போறதுன்னா இங்குள்ள டாக்டர்கிட்ட பரிந்துரைக் கடிதம் வாங்கிட்டுப் போங்க.

சோதனையில ரெண்டு வகை. வீட்டுல கட்டிவிடுற சின்ன கருவி மூக்குக் காத்து, நெஞ்சசைவு, ஆக்ஸிஜன், நாடித்துடிப்பு மட்டும் பாக்கும். ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்கி எடுக்குறதுல மூளை அலையும் பதிவாகும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், கடும் நுரையீரல் நோய் உள்ளவங்களுக்கு ஆஸ்பத்திரிச் சோதனைதான் சரி.

வீட்டுக் கருவிக்கு ஆளு உறங்குறாரா முழிச்சிருக்காரான்னு தெரியாது. 6 மணி நேரப் பதிவுல 80 தடவை மூச்சு தடைபட்டா மணிக்கு 13-ன்னு காட்டும். உண்மையில உறங்கினது 4 மணி நேரம்னா அது 20. மணிக்கு 5 முதல் 15 தடவை வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதுக்கு மேல கடுமை. அப்ப லேசுன்னு வந்த ஆளு நடுத்தரத்துல நிப்பாரு. ஆக்ஸிஜன் எவ்வளவு கீழ போச்சு, 90 சதவீதத்துக்குக் கீழ எத்தனை நிமிஷம் இருந்துச்சுன்னும் கேளுங்க.

வேளிமலை:
சோதனை அன்னைக்குத் தலையில தேங்காயெண்ணெய் வேண்டாம், வயர் ஒட்டாது. விரல்ல மருதாணி, நகப்பூச்சு இருந்தா ஆக்ஸிஜன் அளவு தப்பலாம். மத்தியானத்துக்குப் பிறகு சாயா குடிக்கக் கூடாது, பகல்ல உறங்கவும் கூடாது. வழக்கமான மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. மெடிக்கல் ஷாப்ல தானா உறக்க மாத்திரை வாங்கிக் குடுத்துராதீங்க. அதுவும் சாராயமும் தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டும்.

திற்பரப்பு:
காலையில தோட்டத்துக்கு பைக்லதான் போறாரு. வீட்டுச் சோதனையில ஒண்ணுமில்லைன்னு வந்தா விட்டுரலாமா?

முட்டம் கரை:
விடக்கூடாது. இவ்வளவு அறிகுறி இருக்கும்போது வீட்டுச் சோதனை நல்லா வந்தாலும் ஆஸ்பத்திரியில தங்கி ஒருதடவை எடுக்கணும். ராத்திரியில மூக்குக் குழாய் நழுவியிருந்தா பதிவே சரியா வந்திருக்காது. பைக் ஓட்டும்போது கண்ணு சொருகுதுன்னு ஒருதடவை சொன்னாலும் அன்னைக்கே சாவியை வாங்கி வையுங்க, தேதிக்குக் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.