கெயின்ஸ்வில்லில் நான் கண்ட ஸ்டீவ் ஸ்பரியர்

கெயின்ஸ்வில் நகரிலுள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கச் சென்ற எனக்கு, அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் பிடிபடுவதற்கு முன்பே அதன் பயிற்றுநர் ஒருவர்மீது பெரும் பிடிப்பு ஏற்பட்டுவிட்டது.

1995 செப்டம்பர் 16 அன்று டென்னசி அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு என் அறைத்தோழர் என்னை அழைத்துச் சென்றார். எதிரணி 30-14 என முன்னிலை பெற்றபோது மாணவர் மாடமே வாயடைத்துப் போயிற்று. கோட்டோரம் நின்ற எங்கள் அணியின் பயிற்றுநர் ஸ்டீவ் ஸ்பரியரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி திறந்த வைசர் தொப்பியுடன், அடுத்து ஆட வேண்டிய வியூகத்தைத் தாமே முடிவு செய்து சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். பின்னர் மழை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்திருந்த பலகையில் நீர் தேங்கியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. தொடர்ச்சியாக 48 புள்ளிகளைக் குவித்து 62-37 என்று ஃபுளோரிடா வென்றது. தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக்கான டேனி வூர்ஃபல் மட்டும், எதிரணியின் எல்லைக்குள் பிடிக்கப்பட்டுப் புள்ளி சேர்க்கும் ஆறு டச்டவுன் பாஸ்களை வீசினார்.

மறுவாரம், எங்கள் துறை அலுவலகத்தில் பணிபுரிந்த முதியவர் ஒருவர், 1966இல் அதே மைதானத்தில் தாம் நேரில் கண்டதை எனக்கு விவரித்தார். ஆபர்ன் அணியுடன் 27-27 எனச் சமநிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக இருந்தது. 40 யார்டு தொலைவிலிருந்து ஃபீல்டு கோல் உதைக்க வேண்டும், அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துச் செலுத்த வேண்டும். அது வழக்கமாக உதைப்பவரின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால், அப்போது அங்கே மாணவராக இருந்து ஃபுளோரிடாவின் குவாட்டர்பேக்காக ஆடிய ஸ்பரியர் தாமே முன்வந்து உதைத்து வென்று கொடுத்தார். கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. இதைச் சொன்னபோது அந்த முதியவர் மேசைக்கு அடியில் தம் வலது காலை இலேசாக அசைத்துக் காட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பின் தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அத்தகைய ஒளி வாய்க்கவில்லை. 1976இல் அவர் ஆடிய டாம்பா பே அணி 14 ஆட்டங்களிலும் தோற்றது. 1978இல் பயிற்றுநராகத் தொடங்கி, டியூக் பல்கலைக்கழக அணியை 1989இல் அது இடம்பெற்ற பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புப் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு உயர்த்தி, 1990இல் தாம் படித்த பல்கலைக்கழகத்துக்கே தலைமைப் பயிற்றுநராகத் திரும்பினார்.

ஆயினும் அவரை நான் உண்மையாக மதிக்கத் தொடங்கியது தோல்விகளுக்குப் பிறகுதான். 1996 ஜனவரியில் நெப்ராஸ்காவிடம் 62-24 எனத் தோற்றதும், தற்காப்புப் பிரிவைச் சீரமைக்க பாப் ஸ்டூப்ஸ் என்ற பயிற்றுநரை அழைத்து வந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 எனத் தோற்ற ஆட்டத்தில், பந்தை வீசி முடித்த பின்னும் வூர்ஃபல் மீண்டும் மீண்டும் இடித்து வீழ்த்தப்பட்டதை நாங்கள் தொலைக்காட்சியில் பதைபதைத்துப் பார்த்தோம். குவாட்டர்பேக் சில அடிகள் பின்னே நின்று பந்தைப் பெறும் ஷாட்கன் முறை ஸ்பரியருக்கு உவப்பானதன்று. ஆனால் அதே அணியை 1997 ஜனவரி 2 அன்று, பருவ முடிவில் நடக்கும் சுகர் பவுல் ஆட்டத்தில் மறுபடி சந்தித்தபோது, வூர்ஃபலுக்குக் கூடுதல் நொடிகள் கிடைக்கட்டும் என்று அதையே கையாண்டார். 52-20 வெற்றி, பல்கலைக்கழகத்தின் முதல் தேசியப் பட்டம். தன் வழியே சிறந்தது என்று பெருமிதம் கொண்டிருந்த ஒருவர், தன்னை நம்பி ஆடும் மாணவனுக்காக அதைத் தளர்த்தியதை நான் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2016இல் அந்த மைதானத்துக்கு அவர் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். அதன் பின்னர் மகளுடன் அங்கே சென்றிருந்தேன். அரங்கின் வெளியே அவரது சிலையைப் பார்த்துவிட்டு, 40 யார்டு என்றால் எவ்வளவு தூரம் என்று அவள் கேட்டாள். புல்வெளியை ஒட்டிய நடைபாதையில் இருவரும் அடியெண்ணி நடந்தோம். முடிந்த இடத்தில் நின்று அவள் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் புறப்பட்ட மரம் மிகச் சிறிதாகத் தெரிந்தது.