காப்புரிமையைப் பகிர்ந்தால் புதுமை பெருகுமா?

தேர்வுக்குப் படிப்பவள்:
பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வுக்குத் தயாராகிறேன். ஒரே தொழிலில் உள்ள கம்பெனிகள் காப்புரிமைகளைப் பொதுத் தொகுப்பில் போட்டால் வழக்குகள் குறையும், புதுமை பெருகும் என்று பாடத்தில் இருக்கிறது. நடப்பிலும் அப்படித்தானா?

பாபின்காரர்:
வழக்கு குறையும், சரி. புதுமை பெருகும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருடமாகத் தையல் மெஷின் பழுது பார்க்கிறேன், அந்தக் கதையையே சொல்கிறேன்.

1850களில் அமெரிக்காவில், நுனியில் கண் வைத்த ஊசி எலியாஸ் ஹோ என்ற கண்டுபிடிப்பாளரின் காப்புரிமையில் இருந்தது. துணியை நகர்த்தும் பல்லின் காப்புரிமை வீலர் அண்ட் வில்சன் என்ற மெஷின் கம்பெனியிடம். யார் மெஷின் செய்தாலும் யாராவது வழக்குப் போட்டார்கள். 1856-ல் ஹோ, சிங்கர், வீலர் அண்ட் வில்சன், குரோவர் அண்ட் பேக்கர் நால்வரும் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் கூடி, தங்கள் காப்புரிமைகளை ஒரே தொகுப்பாக்கினார்கள். வெளியார் மெஷின் ஒன்றுக்கு 15 டாலர் கட்ட வேண்டும், அதில் 5 ஹோவுக்கு.

கட்டணத்துக்கும் வழக்குக்கும் பயந்தவர்கள் பூட்டுத் தையலை விட்டுச் சங்கிலித் தையலுக்குப் போனார்கள். அரிசி மூட்டை பிரித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கழன்றுவிடும். அதுதான் சங்கிலித் தையல். வீட்டு மெஷினில் தைத்த ஜாக்கெட்டை அப்படி இழுங்கள், வராது. அடியில் இருக்கும் பாபின் நூல் மேல்நூலைப் பூட்டியிருக்கும், அதுதான் பூட்டுத் தையல். பூட்டுத் தையலை மேம்படுத்தியிருக்க வேண்டிய மூளையெல்லாம் கழன்று வரும் தையலில் செலவானதே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ரயன் லாம்பே, பெட்ரா மோசர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தொகுப்பு இருந்தவரை புதிய காப்புரிமைகள் குறைந்தன, நிமிடத்துக்கு எத்தனை தையல் என்ற வேகமும் மெதுவாகவே கூடியது. 1877-ல் தொகுப்பு கலைந்ததும்தான் நிலைமை மாறியது.

மாத்திரைத் தொழிற்சாலை:
அண்ணே, ஜெனீவாவில் இருக்கும் மருந்துக் காப்புரிமைத் தொகுப்பையும் பாருங்கள். 2010-ல் யுனிட்எய்ட் என்ற உலகச் சுகாதார அமைப்பு அதைத் தொடங்கியது. எச்ஐவிக்கான டோலுடெக்ராவிர் மருந்தின் உரிமத்தை விவ் என்ற மருந்துக் கம்பெனி 2014-ல் அதற்குக் கொடுத்தது. அடுத்தவர் கண்டுபிடித்த மருந்தை மலிவாகச் செய்யும் நம் ஜெனரிக் கம்பெனிகள் அதை டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற வேறு இரண்டு எச்ஐவி மருந்துகளோடு சேர்த்து ஒரே மாத்திரையாக்கின. 2017-ல் ஏழை நாடுகளுக்கு அறிவித்த விலை ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 75 டாலர். முன்பு வேளைக்குக் கைநிறைய மாத்திரை விழுங்கியவர்களை நினைத்தால், இதைப் புதுமை இல்லை என்று எப்படிச் சொல்வது?

தேர்வுக்குப் படிப்பவள்:
இரண்டும் தொகுப்புதானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பாபின்காரர்:
தம்பி சொன்னது நியாயம். ஆனால் ஜெனீவாவில் தொகுப்பை நடத்துகிறவர்கள் மாத்திரை விற்கவில்லையம்மா. ஆல்பனியில் கூடியவர்கள் மெஷின் விற்றவர்கள்.