அடுத்தவர் எழுதிய லுவா ஸ்கிரிப்டை லோட் செய்து ஓட்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஆன்லைன் விளையாட்டுக்கு, ஆடுகிறவர்களே லுவா (Lua) என்ற நிரல்மொழியில் சின்னச் சின்ன விதிகள் எழுதிப் போடலாம் என்று வைத்திருந்தோம், அதைச் சர்வரில் ஓட்டும் பகுதி என் பொறுப்பு. லுவாவின் லோட் (load) ஃபங்ஷனை அழைத்தால் கொடுத்த கோட் உடனே ஓடிவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஓடாது. கம்பைல் செய்து ஒரு ஃபங்ஷனைக் கையில் கொடுக்கும், அதை நாம்தான் அழைக்க வேண்டும். இலக்கணப் பிழை இருந்தால் எரர் வீசாது, நில் (nil, அதாவது மதிப்பு இல்லை) என்பதும் பிழைச் செய்தியும் திரும்பி வரும். ஓடும்போது வரும் பிழைக்கு அதைப் பிடித்துத் தரும் பிகால் (pcall) தனியாக வேண்டும்.

லோடின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டான பெயரை விடாமல் கொடுங்கள். முன்னால் சமக்குறி போட்டு விதியின் பெயரைக் கொடுத்த பிறகுதான், எந்த விதியில் எத்தனையாவது வரி என்று எழுதியவருக்கே புரிந்தது, எங்களிடம் கேட்டு வருவதும் குறைந்தது. மூன்றாவதில் எப்போதும் 'டி', அதாவது டெக்ஸ்ட் மட்டும். 5.2 பதிப்பு வந்தபோது பைட்கோடை (ஏற்கெனவே கம்பைல் செய்த வடிவத்தை) சரிபார்க்கும் வேலையையே லுவா விட்டுவிட்டது, ஆகவே வேண்டுமென்றே கோணலாகச் செய்த பைட்கோட் ஒன்று உள்ளே வந்தால் மொத்த ப்ராசஸும் விழலாம். நான்காவதுதான் உயிர்: அந்த ஸ்கிரிப்ட் எந்த டேபிளை குளோபலாகப் பார்க்க வேண்டுமோ அது. ஓஎஸ், ஐஓ, டீபக் லைப்ரரிகள் எதுவும் இல்லாத டேபிளை நாங்களே கட்டிக் கொடுத்தோம். (5.1இல் இருப்பவர்கள் லோட்ஸ்ட்ரிங், செட்ஃபென்வ் வழியாகத்தான் போக வேண்டும்.)

*

டேபிளைச் சுருக்கினால் மட்டும் போதாதுங்க. ஸ்ட்ரிங் லைப்ரரியைக் கொடுக்காவிட்டாலும் எல்லா ஸ்ட்ரிங்குக்கும் பொதுவான மெட்டாடேபிள் (ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களைக் காட்டும் மறைவான டேபிள்) இருக்கிறதே, அதன் வழியாக ஒரு எழுத்தின் மேல், திரும்பத் திரும்ப ஒட்டித் தரும் ரெப் (rep) அழைத்து மெமரியை நிரப்பிவிட முடியும், எங்கள் டெஸ்ட் சர்வரில் ஒரு பையன் அதைத்தான் செய்து காட்டினான். முடிவில்லாத லூப்புக்கு டீபக் செட்ஹூக்கில் (debug.sethook) இத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஒருமுறை நம் ஃபங்ஷன் (ஹூக்) அழைக்கப்பட வேண்டும் என்று வைத்து எரர் வீசுவோம், ஆனால் உள்ளே பிகால் கொடுத்திருந்தால் ஸ்கிரிப்ட் அந்த எரரையே விழுங்கிவிட்டு மறுபடி சுற்றும். சி ஃபங்ஷன் ஒன்று நீளமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஹூக் வரவே வராது. லுவாஜிட் என்ற வேகமான லுவாவில், ஜிட் செய்த (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றிய) கோடுக்குள் ஹூக் வேலை செய்யாது, அங்கே ஜிட்டை அணைத்துவிட்டுத்தான் ஓட்டினோம். கடைசியில் தனி ப்ராசஸ், அதற்கு மெமரி வரம்பு, நேரம் தாண்டினால் வெளியிலிருந்து கொல்வது என்று வந்து நின்றோம். அதற்குப் பிறகு நிம்மதி.

*

எங்கள் அனுபவம் ரெடிஸ் (Redis) என்ற டேட்டாபேஸில். அதன் 2.6 பதிப்பிலிருந்து, லுவா ஸ்கிரிப்ட்டைச் சர்வரிலேயே ஓட்டும் ஈவல் (EVAL) கமாண்ட் இருக்கிறது, உள்ளே லுவா 5.1. ஒரு டீம் யூசர் ஐடியை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் புது ஸ்கிரிப்ட்டாகக் கேஷில் தங்கி மெமரி ஏறிக்கொண்டே போனது. மதிப்புகளை ஸ்கிரிப்ட்டுக்கு வெளியே ஆர்க்வி (ARGV) என்ற ஆர்க்யுமென்ட் பட்டியல் வழியாக அனுப்பச் சொல்லி மாற்றியதும் நின்றது. அப்புறம் ஒன்று: 2022இல் வெளிவந்த டெபியன், உபுண்டு ரெடிஸ் ஓட்டையைப் படித்துப் பாருங்கள். லுவாவில் கோளாறு இல்லை, ரெடிஸ் மூலத்திலும் இல்லை, பேக்கேஜ் கட்டிய விதத்தில் 'பேக்கேஜ்' (package) என்ற ஒரே ஒரு குளோபல் மாறி சாண்ட்பாக்ஸுக்குள் (ஸ்கிரிப்ட்டை அடைத்து வைக்கும் எல்லைக்குள்) தங்கிவிட்டது. வெளி லைப்ரரியை ஏற்றும் அதன் லோட்லிப் வழியாக வெளியே போய் சர்வரில் கமாண்டே ஓட்ட முடிந்தது. எங்கள் சர்வர்களில் அன்றே அப்டேட் போட்டோம், இப்போது டெப்ளாய் ஆகும் ஒவ்வொரு முறையும் சாண்ட்பாக்ஸுக்குள் என்னென்ன பெயர்கள் தெரிகின்றன என்று பட்டியலிட்டுப் பார்க்கும் ஒரு டெஸ்டும் ஓடுகிறது.