நிலாவுல வெடிச்சுதாம்: எங்க ஃபேமிலி குரூப்ல நேத்து ராத்திரி

ராஜி அத்தை: 🚨நிலாவில் பயங்கர வெடிப்பு!! ஜப்பானியர் படம் பிடித்தார்!! பூமிக்கு ஆபத்தா?? உடனே 10 பேருக்கு அனுப்பவும்🚨

ராஜி அத்தை: நிஜமாடா கார்த்தி?

கார்த்தி: வெடிச்சது நிஜம் அத்தை, விண்கல்லு மோதி மின்னினது. ஆபத்து புருடா. எடுத்தவர் டாய்ச்சி ஃபுஜீ, ஹிராட்சுகா மியூசியத்துல இருக்கார். 2011ல இருந்து நிலாவுல இப்படி மின்னுறதைப் படம் பிடிக்கறதே வேலையா இருக்கார். அக்டோபர் 30 ஒண்ணு, நவம்பர் 1 ஒண்ணு மாட்டிருக்கு

சேகர் மாமா: 30ந்தேதி நானும் பாத்தேன். மொட்டை மாடியில நிக்கும்போது நிலாவுல பளிச்னு அடிச்சுது

கார்த்தி: எத்தனை மணிக்கு மாமா?

சேகர் மாமா: எட்டரை இருக்கும். நியூஸ்லயும் 8.33னுதான் போட்டிருக்கான்

கார்த்தி: அது ஜப்பான் நேரம். நமக்கு அப்ப சாயங்காலம் 5.03, வெளிச்சமே போயிருக்காது

திவ்யா: 😂😂😂

சேகர் மாமா: அப்ப நான் பாத்தது வேற கல்லு

ராஜி அத்தை: எவ்ளோ பெரிய கல்லுடா?

கார்த்தி: 30ந்தேதி விழுந்தது சுமார் 200 கிராம்னு கணக்கு போட்டிருக்காங்க

ராஜி அத்தை: அதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?

கார்த்தி: வேகம் செகண்டுக்கு 27 கிலோமீட்டர் அத்தை. தாம்பரத்துல கிளம்பினா ஒரு செகண்ட்ல பீச் ஸ்டேஷன் கிட்ட வந்துடும். இங்கன்னா காத்துலயே எரிஞ்சுடும். அங்க காத்து இல்ல, நேரா தரையில மோதும், அந்தச் சூடுதான் வெளிச்சமா தெரியுது. பள்ளம் 3 மீட்டர் இருக்கலாம்னு சொல்றாங்க

திவ்யா: பள்ளத்த யாராச்சும் பாத்தாங்களா?

கார்த்தி: இதுக்குத் தெரியல. ஆனா 2013 மார்ச் 17 நாசா இதே மாதிரி ஒரு பெரிய வெளிச்சத்தைப் பிடிச்சுது, கல்லு சுமார் 40 கிலோ. அப்புறம் நிலாவைச் சுத்துற எல்.ஆர்.ஓ. விண்கலம் அந்த இடத்தைப் படம் எடுத்தா, புதுசா 18 மீட்டர் பள்ளம்! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்

சேகர் மாமா: என் ஃபோன் 50 மெகாபிக்சல். வருமா?

கார்த்தி: வராது மாமா. 8 இன்ச் டெலஸ்கோப்பாவது வேணும், அதுல வீடியோ கேமரா. அந்த வெளிச்சம் பெரும்பாலும் பத்துல ஒரு பங்கு செகண்ட் கூட நிக்காது, அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமா தேடணும். அதுவும் ஒரே டெலஸ்கோப்னா சந்தேகந்தான். விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் கேமரா சென்சார்ல பட்டாலும் இதே மாதிரி புள்ளி மின்னும். அதான் நாசா 14 இன்ச் ரெண்டு வச்சு, ரெண்டுலயும் வந்தாதான் ஒத்துக்குவாங்க

திவ்யா: மாமாவுக்கும் ரெண்டு கண்ணு இருக்கே

சேகர் மாமா: சரியா சொன்ன

கார்த்தி: 🙏

ராஜி அத்தை: எப்ப பாக்கணும்? பௌர்ணமிக்கா?

கார்த்தி: பௌர்ணமி சுத்தமா ஆகாது, அந்த வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. வெயில் படாத இருட்டுப் பக்கத்தைத்தான் பாக்கணும். வளர்பிறைல நாலாம் நாள்ல இருந்து ஏழு வரைக்கும், சாயங்காலம்

ராஜி அத்தை: சதுர்த்தில இருந்து சப்தமின்னு சொல்லு. அப்ப அடுத்த சஷ்டி வச்சுக்கலாம்

கார்த்தி: சூப்பர் அத்தை. ஃபிரண்டுகிட்ட 8 இன்ச் இருக்கு, கேட்டு வாங்குறேன். ஆனா ஒண்ணுமே மாட்டாமலும் போகலாம், இப்பவே சொல்லிட்டேன்

சேகர் மாமா: நான் வர்றேன். வடை உண்டா?

ராஜி அத்தை: சஷ்டி எனக்கு விரதம். வேணும்னா நீங்களே சுட்டுக்கோங்க