ஏற்காடு தொகுதி உறுப்பினரிடம் மனு கொடுத்த அனுபவம்

சேலம் மாவட்டத்தின் அரசியல் வாழ்வைப் பேசத் தொடங்கினால், நகராட்சித் தலைவராக இருந்து 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான இராஜாஜியும், 1989இல் எடப்பாடியில் முதன்முறை வென்று 2017இல் முதலமைச்சரான எடப்பாடி கே. பழனிசாமியும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். நான் எழுத விரும்புவது, அமைச்சர் பதவி எதுவும் வகிக்காமல் தொகுதி உறுப்பினராக மட்டும் ஐந்தாண்டுகள் பணியாற்றிய ஒருவரைப் பற்றி. சட்டமன்ற உறுப்பினரின் அன்றாட வேலை எப்படிப்பட்டது என்பதை அவரிடம்தான் அருகிலிருந்து பார்த்தேன்.

தமிழகத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. சேர்வராயன் மலை, கல்வராயன் மலையின் சேலம் மாவட்டப் பகுதி, இடையே வாழப்பாடியைச் சுற்றிய சமவெளி என்று பரந்து கிடக்கும் ஏற்காடு தொகுதியில், ஒரு மலையை முழுதும் இறங்கித்தான் மற்றொரு மலையில் ஏற முடியும். உறுப்பினரின் மறைவால் 2013 டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலின்போது அமைச்சர்கள் பலரும் இங்கே முகாமிட்டு ஊர் ஊராகச் சென்றனர். தமிழகத்தில் நோட்டா முதன்முதலாக இடம்பெற்றதும் அந்தத் தேர்தலில்தான். அத்தனை பேர் சுற்றிய ஊர்களை மற்ற காலங்களில் ஒருவரே சுற்றிவர வேண்டியிருக்கிறது.

மலைக் கிராமப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்த நான், ஊர்ப் பெரியவர்களோடு அவருடைய அலுவலகத்துக்குச் சென்றேன். காப்புக்காட்டின் வழியே சாலை, பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ், மாலையில் ஒரு பேருந்து என்று மூன்று கோரிக்கைகளும் ஒரே மனுவில் இருந்தன. வாங்கி உதவியாளரிடம் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி பென்சிலால் கோடிட்டபடி முழுவதையும் படித்தார். பிறகு, "பெரியவரே, இதை மூணு மனுவா எழுதிக் குடுங்க. ஒண்ணா இருந்தா எந்த ஆபீசுலயும் நிக்காது" என்றார்.

சான்றிதழுக்குக் கோட்டாட்சியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தோடு பெற்றோரின் சான்றிதழ் நகலையும் வைக்கச் சொன்னார். சாலையைப் பற்றித்தான் நெடுநேரம் விளக்கினார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலம் போதுமானதாகவும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்ட வேண்டாததாகவும் இருந்தால், கிராம சபையின் பரிந்துரையைப் பெற்றுச் சாலைக்கு அந்த நிலத்தைக் கேட்கலாம் என்றும், அந்தத் தீர்மானம் இல்லாமல் தாம் கடிதம் எழுதினாலும் கோப்பு நகராது என்றும் சொன்னார். மேடையில் அவர் சுமாராகத்தான் பேசுவார்; சட்டமன்றத்தில் அவர் பேசியது நாளிதழ்களில் பெரிதாக வந்ததும் இல்லை. ஆனால் எந்தக் காகிதம் எந்த மேசையில் தேங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் மதிப்பீட்டில் ஒரு தொகுதிக்கு அதுவே பெரிய பலம்.

மே தினக் கிராம சபைக்குச் சொன்னபடியே வந்தார். மேடையில் போட்டிருந்த நாற்காலியை மறுத்துவிட்டுப் பெண்களுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தவர், தீர்மானத்தில் நிலத்தின் அளவு விடுபட்டிருந்ததைக் கவனித்து, அதைச் சேர்த்த பிறகே கையெழுத்துகளை வாங்கச் சொன்னார்.

சான்றிதழ்கள் கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே கைக்கு வந்துவிட்டன. அந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் இருவர் சேலத்தில் படிக்கச் சென்றதை இன்றும் மகிழ்ச்சியோடு நினைக்கிறேன். சாலைக்கான வன அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது. தொகுதி மேம்பாட்டு நிதியை இரண்டு மலைகளுக்கும் சமவெளிக்கும் பங்கிட வேண்டியிருந்ததால், பாதித் தொலைவுக்கு மட்டுமே கான்கிரீட் போடப்பட்டது. மீதி இன்னும் மண் பாதைதான்.

பேருந்து வரவில்லை. அடுத்து வந்த உறுப்பினரிடம் அந்த மனுவைப் பழைய நகலோடும், முன்பு கொடுத்த தேதிகளோடும் மீண்டும் கொடுத்திருக்கிறோம்.